பதிவான பாடமும் திரும்பி வரும் வினாவும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

முன்னுரை

அறிவியல் நுழையாத துறை இன்று இல்லை எனலாம். கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் ஆண்டுவந்த வகுப்பறைக்குள்ளும் அது கைப்பேசி வடிவில் வந்துவிட்டது. அதனால் மாணவர்க்கு விளையும் பயன் யாது? சற்று ஆராய்வோம்.

ஒளிபரப்பிலிருந்து பதிவுக்கு

1984 ஆகஸ்டு 15 அன்று பல்கலைக்கழக மானியக் குழு, தூர்தர்ஷன் வழியாக ‘நாடு தழுவிய வகுப்பறை’யைத் தொடங்கியது. இன்சாட்-1பி செயற்கைக்கோள் பாடத்தை ஊர்தோறும் கொண்டு சேர்த்தது. ஆனால், புரியாத இடத்தில் அதை நிறுத்த வழியில்லை. 2003-இல் ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கின. அதன் விரிவுரைகளை இன்று யூடியூபில் கட்டணமின்றிப் பார்க்கலாம், நிறுத்தலாம், மீண்டும் கேட்கலாம்.

‘மீண்டும்’ என்ற சொல்லின் அருமை எனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். தமிழ்வழியில் ‘நிலைமத் திருப்புத்திறன்’ என்று படித்ததுதான் ‘மொமென்ட் ஆஃப் இனர்ஷியா’ என்று நான் உணர்வதற்குள் ஆசிரியர் பலகையை அழித்திருப்பார். வீட்டில் கேட்டுத் தெளிய ஆளில்லை. அதே பாடத்தை இரவில் மூன்று முறை ஓட்டிக் கேட்டபோதுதான் தெளிவு பிறந்தது.

வினா திரும்பும் வழி

ஆயினும் பதிவு மட்டும் போதாது. நம் முகவாட்டம் அதற்குத் தெரியாது. வகுப்பிலோ, “புரிந்ததா?” என்று கேட்டால் தலையாட்டிவிடுகிறோம்.

ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991 முதல் ஒரு முறையைக் கையாண்டார். நன்றாகக் கணக்குப் போடும் மாணவரும் அடிப்படைக் கருத்தில் தடுமாறுவதை அவர் கண்டிருந்தார். எனவே பாடத்தின் நடுவே ஒரு வினாவைத் தந்து, ஒவ்வொருவரும் தனித்தனியே விடை தெரிவிக்கச் செய்தார். விடைகள் வேறுபட்டால் அருகிலிருப்பவரோடு விவாதித்து மறுபடியும் விடையளிக்க வேண்டும். பின்னாளில் இதற்குப் பொத்தான் கருவிகளும் பயன்பட்டன.

ஓர் எடுத்துக்காட்டு: லாரியும் காரும் மோதினால் எது அதிக விசை செலுத்தும்? நியூட்டனின் மூன்றாம் விதியை மனப்பாடமாய்ச் சொல்பவரும் ‘லாரி’ என்பர். இரண்டும் சமவிசையே செலுத்துகின்றன. நிறை குறைந்த கார் அதிக முடுக்கம் பெறுவதால்தான் அதற்குச் சேதம் மிகுகிறது.

நாம் செய்யக்கூடியது

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஆசிரியரின் இசைவோடு, அசையாமல் நிறுத்திய ஒரு கைப்பேசியும் சட்டையில் மாட்டும் சிறு மைக்கும் போதும். படம் சற்று மங்கினாலும் குரல் தெளிவாக இருத்தல் வேண்டும். பத்துப் பத்து நிமிடங்களாகப் பிரித்தால் டேட்டா குறைந்தவரும் தேவையான பகுதியை மட்டும் பார்க்கலாம். வகுப்பு முடிவில் பெயர் கேட்காத கூகுள் படிவத்தில் இரண்டே வினாக்கள்: இன்று புரிந்தது எது? புரியாதது எது? மறுநாள் முதல் ஐந்து நிமிடம் அதற்கு விடை.

முடிவுரை

கருவி ஆசிரியருக்கு மாற்றாகாது. கடைசி பெஞ்சில் வாய் திறக்க அஞ்சும் மாணவரின் வினாவை அவர் செவிக்குக் கொண்டு சேர்ப்பதே அதன் கடமை. அவ்வினாவுக்கு விடை கிடைக்கும் நாளில்தான் பாடம் முழுமை பெறும் என்பதில் ஐயமில்லை.