முதலில் லெட்டைப் பாருங்கள்: மைக்ரோடிப் பென்சில் வாங்குவோருக்கு

0.5 என்று டப்பாவில் அச்சிட்டிருக்கும் லெட்டை நுண்ணளவியில் வைத்து அளந்தால் ஏறக்குறைய 0.56 மி.மீ. வரும். 0.3 என்று விற்பது உண்மையில் 0.38-ஐ ஒட்டியது. 0.7-உம் 0.9-உம் மட்டும் பெயருக்கு நெருக்கமான தடிமனில் இருக்கின்றன. இது ஏமாற்று வேலை இல்லை, தர விதிகளே அப்படித்தான் வகுத்திருக்கின்றன. ஆகவே கோட்டின் தடிமனை மட்டும் பார்த்தால் 0.5-க்கும் 0.7-க்கும் நினைக்கிற அளவு வித்தியாசம் இல்லை. உறுதியில்தான் பெரிய வித்தியாசம். மெல்லிய குச்சி வளைந்து ஒடியாமல் தாங்கும் விசை, அதன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். அந்தக் கணக்கில் 0.7 லெட், 0.5 லெட்டைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தாங்கும், 0.3 லெட் 0.5-இன் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. வெளியே நீட்டியிருக்கும் நீளமும் கணக்கில் சேரும். ஒரு மில்லிமீட்டர் நீட்டி எழுதுகிறவருக்கு ஒடியாத லெட், இரண்டு மில்லிமீட்டர் நீட்டினால் பாதி அழுத்தத்திலேயே ஒடிந்துவிடும்.

கடையில் பெரும்பாலானோர் நிறத்தைப் பார்க்கிறார்கள், பிடியை அமுக்கிப் பார்க்கிறார்கள், நான்கு தடவை கிளிக் செய்து கேட்கிறார்கள். தாளைத் தொடப்போவது லெட். எவ்வளவு தடிமன், எவ்வளவு கருமை என்று முடிவு செய்துகொண்டு போனால், கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதில் முக்கால்வாசியை எடுத்துப் பார்க்கவே வேண்டியிருக்காது.

தமிழில் எழுதுகிறவர்களுக்குத் தடிமன் விஷயத்தில் கூடுதலாக ஒரு கவனம் வேண்டும். ன-வில் இரண்டு சுழி, ண-வில் மூன்று. பொடி எழுத்துக்காரர் 0.7-இல் மென்மையான லெட்டைப் போட்டு எழுதினால் சுழிகளின் உள்வெளி அடைந்துபோய், மறுநாள் படிக்கும்போது இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. அவர்களுக்கு 0.5தான் சரி. எழுத்தைப் பெரிதாக, வட்டமாக எழுதுகிறவர்களுக்கும் அழுத்தி எழுதுகிறவர்களுக்கும் 0.7 நல்ல துணை. 0.3 கணக்குப் புத்தகத்தின் குறுகிய கட்டங்களுக்கும், புத்தக ஓரத்தில் குறிப்பு எழுதுவதற்கும், வரைபடத்தில் பெயர் பொறிப்பதற்கும் அருமையானது. ஆனால் சொரசொரப்பான நோட்டுத் தாளில் அது கீறும், பக்கம் பக்கமாக எழுத ஒத்துவராது.

அடுத்தது கருமை. மரப் பென்சிலின் உள்ளே இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும் சேர்த்துச் சுட்ட குச்சி. 1795-இல் பிரான்ஸின் கோன்டே கண்ட முறை அது. அந்தக் கலவையை அரை மில்லிமீட்டருக்கு இழைத்தால் எழுதும் உறுதி கிடைக்கவில்லை. களிமண்ணுக்குப் பதிலாகப் பிசினைச் சேர்த்துச் சுடும் லெட்டை 1960-இல் ஜப்பானின் பென்டெல் நிறுவனம் கொண்டுவந்த பிறகே மெல்லிய லெட் பென்சில்கள் பெருகின. கடையில் கேட்காமலே கையில் கொடுப்பது எச்.பி. நம் நோட்டுத் தாளில் அது பல சமயம் வெளிறித் தெரிகிறது. வெளிறித் தெரிந்ததும் கை தானாக அழுத்துகிறது, அழுத்த அழுத்த விரல் வலிக்கிறது, லெட்டும் ஒடிகிறது. வலிக்குப் பரிகாரமாகப் பலர் விலை கூடிய பென்சிலைத் தேடுகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு டப்பா பி அல்லது 2பி லெட் வாங்கிப் பார்ப்பது நல்லது. பழைய பென்சிலே லேசாகத் தொட்டாலும் கருப்பாக எழுதும். மென்மையான லெட் சீக்கிரம் தேயும், கொஞ்சம் ஈஷும். இடக்கைப் பழக்கம் உள்ளவர்களின் உள்ளங்கை எழுதியதன் மேலேயே நகர்வதால் அவர்களுக்கு மட்டும் எச்.பி.யே சுத்தம். ஒரே எண் போட்டிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி கருமை மாறும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இனி முனை. கூம்பாக முடியும் முனை, ஊசிபோல் நீண்ட குழாய் முனை என்று இரண்டு வகை. சுமார் 4 மி.மீ. நீளக் குழாய், ஸ்கேலின் ஓரத்தை ஒட்டிக் கோடு இழுக்கும் பொறியியல் வரைவாளர்களுக்காக வந்தது. லெட் தாளைத் தொடும் இடம் தெளிவாகத் தெரிவதால் எழுதுவதற்கும் பலர் அதை விரும்புகிறார்கள். அதன் பலவீனம் ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது: முனை கீழே இருக்க விழுந்தால் குழாய் வளையும், வளைந்தால் பென்சிலின் கதை முடிந்தது. சட்டைப் பையையும் அது துளைக்கும். பையில் போட்டுக்கொண்டு அலைகிறவர்கள் முனை உள்ளே மடங்கும் வகையை வாங்கலாம். பென்டெல் கிராஃப்கியர் 1000, ரோட்ரிங் 800 இரண்டும் அப்படிப்பட்டவை. லெட் ஒடிவதே தலைவலி என்பவர்களுக்கு 2014-இல் இரண்டு வழிகள் பிறந்தன. பென்டெல் ஓரென்ஸில் குழாய் லெட்டை முழுவதும் மூடியபடியே எழுதும், தேயத் தேயக் குழாயும் பின்வாங்கும், 0.2 மி.மீ. லெட்டையே அதனால்தான் விற்க முடிந்தது. ஸீப்ரா டெல்கார்டு, அழுத்தம் மிகும்போது உள்ளிருக்கும் ஸ்பிரிங்குகளால் அதை வாங்கிக்கொள்கிறது.

குரு டோகாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மிட்சுபிஷி பென்சில் நிறுவனம் 2008-இல் வெளியிட்டது இது (கார் செய்யும் மிட்சுபிஷிக்கும் இந்த நிறுவனத்துக்கும் தொடர்பில்லை). முனையைத் தாளில் வைத்து எடுக்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளே ஒரு பல்சக்கரம் லெட்டைச் சற்றுத் திருப்பும்; 40 தடவையில் ஒரு முழுச் சுற்று. லெட் ஒருபக்கமாகத் தேய்ந்து கோடு தடிக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. ஜப்பானிய எழுத்து ஒன்றுக்கே பல தடவை கையைத் தூக்க வேண்டும் என்பதால் அங்கே அது சரசரவென்று சுற்றும். இ, ஞ, ழ போன்றவற்றை நாம் ஒரே இழுப்பில் எழுதிவிடுகிறோம். அதனால் தமிழில் சுற்று மெதுவாகத்தான் நடக்கும், பலனும் அந்த அளவுக்குத்தான். இரட்டை வேகத்தில் திருப்பும் அட்வான்ஸ் என்ற வகை தமிழுக்கு இன்னும் பொருத்தம். படம் வரைகிறவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க முடியாது. தொடும்போதெல்லாம் முனை இம்மி அளவு உள்ளே போய் வருவது, நுணுக்கமாகக் கோடு போடும் கைக்கு உடனே தெரியும்.

உடலைப் பொறுத்தவரை எடைதான் முதல் கேள்வி. பென்டெல் பி205 சுமார் 9 கிராம் பிளாஸ்டிக். பித்தளையில் அறுகோணமாகக் கடைந்த ரோட்ரிங் 600 ஏறக்குறைய 23 கிராம். கையில் எடுத்ததும் பிந்தையது அசத்தும். எடை தானே அழுத்துவதால் கோடு நிதானமாக விழும். இரண்டு மணி நேரம் தொடர்ந்து எழுதுகிறவருக்கோ 9 கிராமின் அருமை அப்போது புரியும். பி205 எழுபதுகளிலிருந்து பெரிய மாற்றமில்லாமல் விற்றுக்கொண்டிருப்பது சும்மா இல்லை. வியர்க்கும் கைக்கு, சொரசொரப்பாகச் செதுக்கிய உலோகப் பிடி வழுக்காது. மென்மையான விரல்களை அது உறுத்தவும் செய்யும். ரப்பர் பிடி முதலில் சுகம், ஆனால் நம் வெயிலில் சில வருஷங்களில் பிசுபிசுக்கும் ரகங்கள் உண்டு. பென்சிலை இறுக்கிப் பிடிக்கிற பழக்கம் உள்ளவர்கள் பருமனான உடலைத் தேட வேண்டும். பருமன் கூடினால் விரல்கள் இறுக்குவது தானாகக் குறையும். 1991-இல் பால்பாயின்ட் பேனாவாகத் தொடங்கிய பைலட் டாக்டர் கிரிப் வரிசையின் பென்சில்கள் இதற்கு நல்ல உதாரணம்.

ஸ்கெட்ச் என்று வரும்போது மைக்ரோடிப்பின் எல்லையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மரப் பென்சிலைச் சாய்த்துப் பரப்புகிற நிழல் இதில் வராது; நிழலைக் கோடு கோடாகத்தான் அடுக்க வேண்டும். கட்டடம், முகம், இலை நரம்பு என்று கோட்டால் பேசும் படங்களுக்கு 0.5 போதும். விரைவான படங்களுக்கு 0.9-இல் 2பி லெட் மிக இதமானது, கை வேகமாக ஓடினாலும் ஒடியாது. கூம்பு முனை உள்ளதாக இருந்தால் கொஞ்சம் சாய்க்கவும் இடம் கொடுக்கும். நிழல் முக்கியம் என்பவர்கள் 2 மி.மீ. லெட் போடும் கிளட்ச் பென்சிலுக்குப் போய்விடலாம். ஸ்டெட்லர் 780, ஃபேபர்-காஸ்டெல் டி.கே. 9400 இரண்டும் நீண்டகாலமாக வரைவாளர்களின் மேஜையில் இருப்பவை. லெட்டை மட்டும் தீட்டிக்கொள்ள வேண்டும். அந்தச் சிரமத்துக்குப் பதிலாக, தடித்து மெலியும் கோடு கிடைக்கிறது.

எழுத, வரைய இரண்டுக்கும் ஒன்றே போதும் என்றால் பொடி எழுத்துக்காரர் 0.5-இல் 2பி லெட், மற்றவர் 0.7-இல் பி லெட்; பென்சில் பி205 அல்லது அதன் 0.7 அண்ணன் பி207. இரண்டு வாங்க முடிந்தால் எழுத 0.5, வரைய 0.9. பள்ளிப் பிள்ளைகளுக்கு உள்ளூர்க் கம்பெனிகளின் 0.7 பென்சிலே போதும், தொலைந்தாலும் மனம் கனக்காது. ஆனால் எதை வாங்கினாலும் கடையிலேயே ஒரு சோதனை செய்துவிட வேண்டும். ஒரு கிளிக் லெட்டை நீட்டி, தாளில் நிமிர்த்தி வைத்து அழுத்தினால் லெட் உள்ளே நழுவக் கூடாது. நழுவினால் உள்ளே பிடிக்கும் கவ்வி சரியில்லை. அடுத்ததை எடுத்துக் காட்டச் சொல்லலாம்.

வீட்டுக்கு வந்ததும் டப்பா லெட் முழுவதையும் உள்ளே திணிக்காமல் இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நெருக்கினால் ஒன்றையொன்று உரசி ஒடிந்து அடைக்கும். அடைத்துவிட்டால் பி205-இன் ரப்பரைப் பிடுங்கிப் பாருங்கள். அதன் அடியில் ஒரு மெல்லிய கம்பி இருக்கும், அடைப்பைக் குத்தி எடுப்பதற்கென்றே வைத்தது.