வயல் மண் ஏரிக்குப் போகலாமா?



ஐப்பசி மழை ஒரு மணி நேரம் ஊற்றி ஓய்ந்ததும் ஓடைப் பக்கம் போய்ப் பாருங்கள். தண்ணீர் டீ நிறத்தில் ஓடும். "வெள்ளம் வந்துடுச்சு, ஏரி நிரம்பிடும்" என்று ஊரே சந்தோஷப்படும். ஆனால் அந்த நிறம் எங்கிருந்து வந்தது? நாம் எருவும் உரமும் போட்ட மேல்மண்தான் அது.

ஒரு சிறு கணக்கு. ஒரு ஏக்கரில் ஒரே ஒரு மில்லிமீட்டர் மண் கரைந்தால் சுமார் 4 கன மீட்டர். எடையில் ஏறத்தாழ 5 டன். ஒரு மில்லிமீட்டர் குறைந்தது யார் கண்ணுக்குத் தெரியும்? அதனால்தான் "நம்ம கொல்லையில அரிப்பெல்லாம் இல்லப்பா" என்று சொல்லிவிடுகிறோம்.

அரிப்பு ஏன்?

மழைத்துளி வெறும் மண்ணை அடித்து உடைக்கிறது. ஓடும் நீர் அதைச் சுமந்து போகிறது. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அரிக்கும் சக்தி 4 மடங்கு, சுமக்கும் சக்தி 32 மடங்கு என்று பாடநூல்கள் கூறும். ஆகவே, வேகத்தைக் குறைப்பதே வைத்தியம்.

பெரம்பலூர், அரியலூர் மானாவாரி நிலங்களில் மக்காச்சோளமும் பருத்தியும் தரையை மூடுமுன்பே வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது. அதிலும் சரிவோடு டிராக்டர் ஓட்டினால் ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்கால்!

என்ன செய்யலாம்?

1. சரிவுக்குக் குறுக்கே உழுது விதைக்க வேண்டும். இதற்குக் கூடுதல் செலவில்லை.

2. பச்சைமலை அடிவாரம் போன்ற செம்மண் சரிவுகளில் சம உயர வரப்பு போடலாம். இடைவெளிக்கு ராம்சர் சூத்திரம்: சரிவுச் சதவீதத்தை 3-ஆல் வகுத்து, 2 கூட்டி, 0.3-ஆல் பெருக்க வேண்டும். 2 சதவீதச் சரிவுக்கு உயர வித்தியாசம் 0.8 மீட்டர், அதாவது 40 மீட்டருக்கு ஒரு வரப்பு.

3. கரிசலில் இது சரிப்படாது. தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகும். கோடையில் வரப்பு வெடிக்கும். அங்கே மிகுதி நீர் மெல்ல வடியும்படி லேசான சாய்வுள்ள வரப்பும், மழைக்கு முன் சிறு பாத்திகளும் ஏற்றவை.

4. வரப்பின்மேல் வெட்டிவேர் அல்லது கொழுக்கட்டைப்புல் நட்டால் நீர் வடியும், மண் நிற்கும்.

ஜப்பானின் ஒகினாவா தீவுகளில் செம்மண் கரைந்து பவளப்பாறைகளை மூடியதால் 1994-இல் தனி விதியே இயற்றினார்கள். கரும்பு வயல் ஓரங்களில் செடி வேலியும் நடுகிறார்கள். அவர்களுக்குக் கடல், நமக்கு ஏரி. ராஜேந்திர சோழன் 11-ஆம் நூற்றாண்டில் கங்கைகொண்ட சோழபுரம் அருகே வெட்டிய சோழகங்கமே (இன்றைய பொன்னேரி) வண்டலால் மேடிட்டது. 2017-இல் குடிமராமத்துத் திட்டம் தொடங்கிய பின் பல ஏரிகளில் தூர் வாரினார்கள். விவசாயிகளும் வண்டலை அள்ளி வயலில் போடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் நம் மண்ணையே வாடகை கொடுத்துத் திருப்பி அள்ளுகிறோமே!

நண்பர்களே, டம்பி லெவலை நாம் சர்வே பரீட்சைக்கு மட்டும் தொடுகிறோம். சம உயரக் கோடு குறிக்க அது இல்லாவிட்டாலும் போகிறது. தண்ணீர் நிரப்பிய டியூபும் இரண்டு குச்சியும் போதும். வரும் ஆடி லீவில் அப்பாவின் கொல்லையில் ஒரே ஒரு கோடு குறித்துக் காட்டுவோம். அதற்குக் கீழே ஓடும் தண்ணீர் தெளிந்தால், பக்கத்துக் கொல்லைக்காரர் தானே வந்து கேட்பார்.