கூரைமேல் அமையும் வானிலை நிலையம்
அமைக்கும் முறையும் சோதிக்கும் முறையும்

நெசவுக்கூடம், விளைபொருட் கிடங்கு, பசுமைக்குடில் ஆகிய மூன்றும் தோற்றத்தில் வெவ்வேறானவை. ஆயினும் மூன்றிலும் உள்ளே இருக்கும் பொருளின் நலம் காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் பொறுத்தே நிற்கிறது. கூடம் உலர்ந்தால் பாவிழை அறுகிறது. கிடங்கில் ஈரம் மிகுந்தால் நெல்லும் பருப்பும் பூசணம் பிடிக்கின்றன. குடிலில் வெப்பம் ஏறினால் பூவும் காயும் வாடுகின்றன. இவற்றைத் தடுக்கவே நம் மக்கள் நெடுங்காலமாகச் சாளரத்தைத் திறந்தும் மூடியும், தரையில் நீர் தெளித்தும், தறியைக் குழியில் அமைத்தும் வந்திருக்கின்றனர்.

இவ்வேலையை மோட்டார்களும் விசிறிகளும் நீர்த்தெளிப்பான்களும் தாமே செய்யுமாறு அமைக்கும் முறைக்குக் கட்டடத் தானியக்கம் என்று பெயர். காற்றை வேண்டிய பக்குவத்தில் வைக்கும் கலை நெசவாளருக்குப் புதிதன்று. ஏர் கண்டிஷனிங் என்னும் சொல்லையே 1906-ஆம் ஆண்டில் முதலில் வழங்கியவர், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் நூல் ஆலைகளுக்கு ஈரமூட்டும் சாதனங்கள் அமைத்து வந்த ஸ்டூவர்ட் கிரேமர் என்பவர் ஆவார்.

தானே இயங்கும் கட்டடத்திற்கு வெளியுலகைக் காட்டும் கண், கூரைமேல் உள்ள வானிலை நிலையம். சாளரம் திறக்கும் ஆள் தவறு செய்தால், மழைத்துளி முகத்தில் பட்டவுடன் திருத்திக்கொள்வார். மோட்டாருக்கு அந்த உணர்ச்சி இல்லை. நிலையம் காற்று உலர்ந்திருக்கிறது என்று சொன்னால், அது பொய்யாயினும் மோட்டார் அதன்படியே நடக்கும். எனவே விலையுயர்ந்த கருவியை வாங்குவதைக் காட்டிலும், வாங்கிய கருவியைச் சரியான இடத்தில் நிறுத்திச் சோதித்து ஏற்பதே சங்கத்திற்கு முக்கியமானது. அதற்கு வேண்டிய அறிவை இப்பாடத்தில் காண்போம்.

1. நிலையத்தின் உறுப்புகள்

சாதாரணமான நிலையம் ஒன்றில் ஆறு உறுப்புகள் இருக்கும். அவை வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் கருவி, காற்று வேகமானி, காற்றுத் திசைகாட்டி, மழைமானி, மழை உணர்தட்டு, வெயில்மானி என்பன.

காற்று வேகத்தை அளக்கும் கிண்ணக் கருவியை 1846-இல் அயர்லாந்தின் ஆர்மா வான்நோக்ககத்தைச் சேர்ந்த ராபின்சன் உருவாக்கினார். இன்றும் பெரும்பாலான கூரைகளில் சுழல்வது அதன் வழிவந்த கருவியே. வெப்பமானியை வெயில் படாமல் காக்கும் வெண்ணிறப் பலகைக் கூண்டை 1860-களில் வகுத்தவர் ஸ்காட்லாந்தின் கலங்கரை விளக்கப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன். இன்று கூரைகளில் காணப்படும், தட்டுகளை அடுக்கினாற்போன்ற வெள்ளை உறை அக்கூண்டின் சிறு வடிவமாகும்.

மழைமானிக்கும் மழை உணர்தட்டுக்கும் உள்ள வேற்றுமையை அறிவது அவசியம். மழைமானியினுள் இருக்கும் சிறு தொட்டி, 0.2 மில்லிமீட்டர் மழை சேர்ந்த பிறகே ஒருமுறை கவிழ்ந்து கணக்குச் சொல்லும். தூறலில் அதற்குள் நெடுநேரம் சென்றுவிடும். உணர்தட்டோ முதல் துளி விழுந்தவுடன் அறிவிக்கும். பெய்த மழையின் அளவைக் கணக்கிட மழைமானியும், சாளரத்தை உடனே மூட உணர்தட்டும் வேண்டும். ஒன்றை வைத்து மற்றொன்றின் வேலையை வாங்க இயலாது.

2. ஈரத்தின் கணக்கு

ஈரப்பதம் என்று நாம் கூறும் சதவிகிதம், காற்றில் உள்ள நீரின் அளவன்று. அந்த வெப்பநிலையில் காற்று ஏந்தக்கூடிய நீரில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பதாகும். வெப்பம் ஏற ஏறக் காற்றின் கொள்ளளவும் ஏறும்.

ஓர் உதாரணம் கொள்வோம். வெளியே வெப்பம் 33 டிகிரி, ஈரப்பதம் 60 சதவிகிதம். கிடங்கினுள் 27 டிகிரி, 75 சதவிகிதம். எண்ணை மட்டும் பார்ப்பவர், வெளிக்காற்று உலர்ந்தது, சாளரங்களைத் திறக்கலாம் என்பார். கணக்கிட்டுப் பார்த்தால் விஷயம் வேறு. 33 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏந்தக்கூடிய நீர் ஏறத்தாழ 35.6 கிராம், அதில் 60 சதவிகிதம் 21.4 கிராம். 27 டிகிரியில் ஏந்தக்கூடியது ஏறத்தாழ 25.7 கிராம், அதில் 75 சதவிகிதம் 19.3 கிராம். ஆகவே உள்ளே வரும் ஒவ்வொரு கன மீட்டர் காற்றும் 2 கிராம் நீரைக் கூடுதலாகச் சுமந்து வரும். உள்ளே வந்து குளிர்ந்ததும் அதன் ஈரப்பதம் 80 சதவிகிதத்தைத் தாண்டும். கிடங்கை உலர்த்தத் திறந்த சாளரமே கிடங்கை நனைக்கும்.

எனவே கட்டுப்பாட்டுக் கருவி வெளியேயும் உள்ளேயும் உள்ள சதவிகிதங்களை மட்டும் ஒப்பிடாமல், கன மீட்டருக்கு எத்தனை கிராம் என்று ஒப்பிட்டு முடிவு செய்யவேண்டும். இதனை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நலம்.

நெசவாளர் பார்க்கும் கணக்கு வேறு. 65 சதவிகித ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி தன் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 8.5 பங்கு நீரை ஏற்கும் என்பது வாணிபத்தில் ஒப்புக்கொண்ட அளவு. ஈரம் ஏறினால் பருத்தி நூலின் வலிமையும் ஏறும். ஆதலின் பருத்தி நெசவுக்கூடங்களில் 75 முதல் 85 சதவிகிதம் வரை ஈரப்பதம் வைப்பது வழக்கம். வெளிக்காற்று தானே ஈரமாயிருக்கும் நாளில் தெளிப்பானை நிறுத்தி மின்சாரத்தையும் நீரையும் மிச்சப்படுத்தலாம். அந்த மிச்சம் வெளியே உள்ள கருவி உண்மை சொன்னால் மட்டுமே கிட்டும்.

3. இடம் தேர்தல்

வெப்ப, ஈரப்பதக் கருவியைத் தகரக் கூரைக்கு அருகிலோ, வெளியேற்றும் விசிறியின் வாயிலோ, நீர்த்தொட்டிக்கு அருகிலோ வைத்தல் ஆகாது. மேற்கூறிய 33 டிகிரி, 60 சதவிகிதக் காற்றைச் சூடேறிய தகரம் 37 டிகிரிக்கு உயர்த்திவிட்டால், கருவி 48 சதவிகிதம் என்று காட்டும். காற்றில் உள்ள நீர் ஒரு துளியும் குறையவில்லை. ஆயினும் கட்டடம் ஏமாந்துவிடும். இக்கருவி புல் அல்லது மண் தரைக்குமேல் 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில் இருப்பதே உலக வழக்கு. கூரையில்தான் வைக்க நேர்ந்தால், கூரைப் பரப்பிலிருந்து நன்கு விலக்கி, காற்று தடையின்றி வீசும் கம்பத்தில் வைக்கவேண்டும்.

காற்று வேகமானியைத் திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில் வைப்பது வானிலைத் துறையினரின் முறை. கட்டடத்தில் அது கூரை முகட்டைவிட நன்கு உயர்ந்திருக்கவேண்டும். முகட்டின் மறைவில் உள்ள கருவி புயற்காற்றையும் தென்றல் என்றே அறிவிக்கும். காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் தாக்கு நான்கு மடங்காகும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 6 கிலோ எடையளவு அழுத்தும். 72 கிலோமீட்டர் வேகத்தில் அது 25 கிலோவாகிறது. சிறு பிழையும் மேற்சாளரத்தைப் பெயர்த்துவிடக்கூடும் என்பதை இதிலிருந்து உணரலாம்.

திசைகாட்டியை வடக்குப் பார்த்துப் பொருத்துவது இவ்வமைப்பிலேயே அதிகக் கவனம் வேண்டும் வேலையாகும். காற்று வீசும் பக்கத்துச் சாளரத்தை மூடி, மறுபக்கத்தைத் திறப்பதே பசுமைக்குடிலின் விதி. திசைகாட்டி தலைகீழாகப் பொருத்தப்பட்டால், கட்டடம் புயலுக்கு எதிரே வாயைத் திறக்கும். வடக்கைக் குறிக்கும்போது காந்த ஊசியை இரும்புக் கம்பத்திலிருந்து சில மீட்டர் தள்ளி நின்று பார்க்கவேண்டும்.

மழைமானி, அருகில் உள்ள மரம் அல்லது சுவரின் உயரத்தைப்போல் குறைந்தது இரு மடங்கு தூரம் விலகியிருக்கவேண்டும். அதனையும் வெயில்மானியையும் ரசமட்டம் வைத்துச் சமமாக நிறுத்தவேண்டும். வெயில்மானிமீது எந்த நேரத்திலும் நிழல் விழலாகாது. அதன் கண்ணாடியில் தூசி படிய விடலாகாது.

4. கம்பி இணைப்பு

கூரையிலிருந்து வரும் செய்திக் கம்பி மெல்லிய மின்னோட்டத்தைச் சுமப்பது. அதனை மோட்டார் கம்பிகளுடன் ஒரே குழாயில் இழுத்தால் செய்தி கலங்கும். உலோக வலை போர்த்திய கேபிளைத் தனிக் குழாயில் கொண்டுவருக. கம்பம் இடிதாங்கியின் காப்புக்குள் அடங்கியிருக்கவேண்டும். கம்பத்திற்கு எர்த் இணைப்பும், கேபிள் கட்டடத்தினுள் நுழையுமிடத்தில் மின்னெழுச்சித் தடுப்பானும் வேண்டும்.

செய்தியை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையுள்ள மின்னோட்டமாக அனுப்பும் முறை பல கருவிகளில் உண்டு. காற்று அறவே இல்லை என்றால் 4 மில்லி ஆம்பியர் வரும். ஒன்றுமே வரவில்லை என்றால் கம்பி அறுந்தது என்று பொருள். காற்றின்மையையும் கம்பி அறுந்ததையும் பிரித்தறிய உதவும் இம்முறை மிகப் பயனுள்ளது.

5. கட்டளைகளை வகுத்தல்

மூடும் கட்டளை விரைவாகவும், திறக்கும் கட்டளை நிதானமாகவும் இருக்கவேண்டும். ஒரு வீச்சுக் காற்று வந்ததும் சாளரம் மூடட்டும். காற்று அடங்கிச் சில நிமிஷங்கள் சென்ற பின்னரே திறக்கட்டும். இல்லாவிடில் மோட்டார் நாள் முழுவதும் திறப்பதும் மூடுவதுமாகத் தேய்ந்துபோகும்.

கருவி மௌனமானால் கட்டடம் என்ன செய்யவேண்டும் என்பதை அங்கத்தினர்களே முடிவு செய்யவேண்டும். சாளரங்களை எல்லாம் மூடிவிட்டால் காற்றுக்குத் தப்பலாம். ஆனால் சித்திரை மாத நண்பகலில் மூடிய குடிலில் பயிர் வெந்துவிடும். ஆகவே மணி அடித்து ஓர் ஆளை அழைக்கும் ஏற்பாடும், கையால் இயக்கும் சக்கரமும் கட்டாயம் இருக்கவேண்டும்.

6. பில் தொகை அளிக்குமுன் செய்யத்தக்க சோதனைகள்

இச்சோதனைகளுக்கு நிபுணர் தேவையில்லை. நிர்வாகக் குழுவினர் முன்னிலையில் நடத்திக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம்.

(அ) மழைமானி: வாய் விட்டம் 20 சென்டிமீட்டரும், ஒரு கவிழ்ப்புக்கு 0.2 மில்லிமீட்டரும் உள்ள கருவியில் 628 மில்லிலிட்டர் நீரை அரைமணி நேரத்திற்குக் குறையாமல் சொட்டுச் சொட்டாக ஊற்றுக. 100 கவிழ்ப்புகள், அதாவது 20 மில்லிமீட்டர் மழை, பதிவாகவேண்டும். இரண்டு மூன்று கவிழ்ப்புகள் கூடினாலும் குறைந்தாலும் குற்றமில்லை.

(ஆ) ஈரப்பதக் கருவி: கண்ணாடிச் சாடியில் சமையல் உப்பை இட்டு, முழுதும் கரையாமல் களிபோல் ஆகுமளவு நீர் சேர்க்கவும். கருவியின் முனையை உப்பில் படாமல் மேலே தொங்கவிட்டு, சாடியை இறுக மூடி, வெப்பம் மாறாத நிழலில் அரை நாள் வைக்கவும். உப்புக் களியின்மேல் நிற்கும் காற்றின் ஈரப்பதம் 75 சதவிகிதமாகும். கருவியும் ஏறத்தாழ அதையே காட்டவேண்டும்.

(இ) திசைகாட்டி: ஒருவர் கம்பத்தில் ஏறி முனையை வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று கையால் திருப்ப, கீழே உள்ளவர் கட்டுப்பாட்டுக் கருவியில் அதே திசை தோன்றுகிறதா என்று பார்க்கட்டும்.

(ஈ) மழை உணர்தட்டு: சில துளி நீர் தெளித்து, எல்லாச் சாளரங்களும் மூட எத்தனை வினாடி ஆகிறது என்று குறித்துக்கொள்க.

(உ) மௌனச் சோதனை: ஒவ்வொரு கருவியின் கம்பியையும் ஒவ்வொன்றாகக் கழற்றுக. ஒவ்வொரு முறையும் மணி அடிக்கவேண்டும்.

7. பராமரிப்பும் எல்லையும்

மாதம் ஒருமுறை மழைமானியின் வாயிலுள்ள சருகையும் பறவை எச்சத்தையும் அகற்றி, வெயில்மானியைத் துடைத்து, வெள்ளை உறையைக் கழுவவேண்டும். உப்புச் சோதனையை ஆண்டுக்கொரு முறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர் புரட்டாசியில் நடத்துவது பொருத்தம். இப்பொறுப்பை எல்லோருக்கும் பொதுவாக விடாமல், பெயர் குறித்து ஒருவரிடம் ஒப்படைக்கவேண்டும்.

இந்நிலையம் வந்துவிட்ட காற்றைத்தான் அறியும். வரப்போகும் காற்றை அறியாது. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் வேதாரணியம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் டெல்டா மாவட்டங்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது நினைவிருக்கும். அத்தகைய நாட்களில் இந்திய வானிலைத் துறையின் முன்னறிவிப்பு வந்தவுடனேயே சாளரங்களைக் கையால் மூடித் தாழிட்டுவிடவேண்டும். தானியக்கம் இருக்கிறதே என்று காத்திருத்தல் கூடாது.

சங்கக் கூட்டத்தில் கலந்தாராய வேண்டிய வினாக்கள்

1. நம் கட்டடத்தைச் சுற்றியுள்ள மரங்களும் சுவர்களும் எத்தனை உயரம்? மழைமானிக்கு ஏற்ற இடம் எது?
2. இன்று காலையும் நண்பகலும் நம் கிடங்கின் உள்ளும் புறமும் ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை கிராம் நீர் இருந்தது?
3. நள்ளிரவில் மணி அடித்தால் முதலில் வரவேண்டியவர் யார்? அவர் ஊரில் இல்லாதபோது யார்?
4. மேற்கூறிய ஐந்து சோதனைகளிலும் தேறிய பின்னரே கடைசித் தவணையை அளிப்பது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறோமா?