எந்தக் கருவி வேகமானது? ஒப்பிடக் கற்பிக்கும் மூன்று பாடவேளைகள்

வகுப்பு: 8, 9
பாடம்: கணிதம், அறிவியல்
தேவையானவை: கரும்பலகை, வரைபடத்தாள், ஆய்வகக் கணினி, நிறுத்துக் கடிகாரம் (செல்போனில் உள்ளதே போதும்)

"எட்டு கோர் போன் சார், கம்ப்யூட்டரைவிட ஃபாஸ்ட்." "ப்ளேஸ்டேஷன்தான் எல்லாத்தையும்விட பவர்." இப்படிப் பேசாத ஒன்பதாம் வகுப்பு இன்று எந்தப் பள்ளியிலும் இருக்காது. ஏற்காட்டைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களிலிருந்து வரும் எங்கள் மாணவர்களில் ப்ளேஸ்டேஷனைக் கையால் தொட்டவர் ஒருவரும் இல்லை. ஆனால் அதன் எண்கள் அவர்களுக்குத் தெரியும். எண் பெரிதாக இருந்தால் கருவி சிறந்தது என்பதே அவர்கள் முடிவு.

இதை விளையாட்டுப் பேச்சு என்று விட்டுவிட முடியாது. காப்பித் தோட்டக் கூலியில் நடக்கும் வீட்டில், பெரிய எண் அச்சிட்ட போனுக்காகப் பிள்ளை அடம் பிடிக்கிறான். பள்ளி ஆய்வகக் கணினியை 'பழைய டப்பா' என்று ஒதுக்கி, அதில் கற்க ஒன்றுமில்லை என்று விலகி நிற்கிறான். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நியாயமான ஒப்பீடு அறிவியலின் அடிப்படைத் திறன். மாணவர்களுக்குப் பிடித்த வீடியோ கேம் வழியாகவே அதைக் கற்பிக்கலாம்.

முதல் பாடவேளை: ஒரே குடும்பச் செயலி, இரண்டு வேலை

கரும்பலகையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் 'பிபிசி மைக்ரோ' என்று எழுதுங்கள். இங்கிலாந்தின் ஏக்கார்ன் நிறுவனம் 1981-இல் வெளியிட்ட கணினி இது. 1984-இல் நம் நாட்டில் தொடங்கிய 'கிளாஸ்' என்ற பள்ளிக் கணினித் திட்டத்தில் பயன்பட்டதும் இதுவே. வலப்பக்கம், ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்ற விளையாட்டுப் பெட்டி. 1990-களில் நம் ஊர்களில் தொலைக்காட்சியோடு இணைத்து, கேசட் செருகி விளையாடிய 'டிவி கேம்' பெட்டிகள் பெரும்பாலும் இதன் நகல்களே. நம்மில் பலர் அதில் மரியோவைக் குதிக்க வைத்திருப்போம்.

இரண்டின் உள்ளேயும் இருந்தது 6502 என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 8 பிட் செயலி. இப்போது எண்களை எழுதுங்கள்.

பிபிசி மைக்ரோ: 2 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் 32 கிலோபைட்.
ஃபேமிலி கம்ப்யூட்டர்: 1.79 மெகாஹெர்ட்ஸ், முதன்மை நினைவகம் 2 கிலோபைட்.

"எதில் படம் வேகமாக நகரும்?" என்று கேளுங்கள். எல்லாக் கைகளும் இடப்பக்கம் நீளும். விடை வலப்பக்கம். விளையாட்டுப் பெட்டியில் படம் வரைவதற்கென்றே தனிச் சில்லு ஒன்று உண்டு. "மரியோவை இந்த இடத்தில் வை" என்று செயலி சொன்னால் போதும். வரைவது அந்தச் சில்லின் வேலை. பிபிசி மைக்ரோவில் செயலியே படத்தின் புள்ளிகளை நினைவகத்தில் எழுத வேண்டும். உயர்ந்த தரப் படத்துக்கு 32 கிலோபைட்டில் 20 கிலோபைட்டைத் திரையே எடுத்துக்கொள்ளும்.

அடுத்த கேள்வி: "எதில் கணக்குப் போட நிரல் எழுதலாம்?" இப்போது விடை இடப்பக்கம். அதில் விசைப்பலகையும் பேசிக் என்ற நிரல் மொழியும் உண்டு. விளையாட்டுப் பெட்டியிலோ வாங்கிய கேசட்டில் உள்ளதை விளையாடலாம், அவ்வளவுதான்.

முதல் விதியை மாணவர்களே சொல்வார்கள்: எந்த வேலைக்கு என்று சொல்லாமல் எது வேகம் என்று கேட்கக் கூடாது.

இரண்டாம் பாடவேளை: தலைமுறைகளின் அட்டவணை

முதல் வரியில் ஃபேமிலி கம்ப்யூட்டர். அடுத்த ஐந்தும் சோனி நிறுவனத்தின் ப்ளேஸ்டேஷன் தலைமுறைகள். ஆண்டு, செயலியின் கடிகார வேகம், முதன்மை நினைவகம் என்ற வரிசையில் எழுதுங்கள்.

1983: 1.79 மெகாஹெர்ட்ஸ், 2 கிலோபைட்
1994: 33.9 மெகாஹெர்ட்ஸ், 2 மெகாபைட்
2000: 295 மெகாஹெர்ட்ஸ், 32 மெகாபைட்
2006: 3.2 கிகாஹெர்ட்ஸ், 256 மெகாபைட்
2013: 1.6 கிகாஹெர்ட்ஸ், 8 கிகாபைட்
2020: 3.5 கிகாஹெர்ட்ஸ், 16 கிகாபைட்

அடுக்குக்குறி விதிகளுக்கு இதைவிட உயிருள்ள பயிற்சி கிடைப்பது அரிது. 2 கிலோபைட் என்பது 2¹¹ பைட். 16 கிகாபைட் என்பது 2³⁴ பைட். வகுத்தால் 2²³, அதாவது 83,88,608 மடங்கு. கடிகார வேகமோ ஏறத்தாழ 2,000 மடங்குதான் கூடியிருக்கிறது. நினைவகம் 84 லட்சம் மடங்கு, வேகம் 2,000 மடங்கு: இரண்டும் ஒரே விகிதத்தில் வளரவில்லை என்பதை மாணவர்கள் தாங்களே கணக்கிட்டுக் காண்பது முக்கியம். ஒன்பதாம் வகுப்பில் இதே எண்களை அறிவியல் குறியீட்டில் எழுதச் சொல்லலாம்.

வரைபடம் வரையும்போது யாராவது ஒருவர் நிச்சயம் கேட்பார்: "2006-ல 3.2, 2013-ல 1.6. தப்பா எழுதிட்டீங்களா சார்?" இந்தக் கேள்விக்காகத்தான் அட்டவணையே. எண் சரிதான். கடிகார வேகத்தைக் கூட்டக் கூட்டச் சில்லு கடுமையாகச் சூடாகிறது. அதனால் 2000-களின் நடுப்பகுதியிலேயே அந்த ஓட்டம் தளர்ந்தது. அதன்பின் ஒரே செயலியை விரட்டுவதற்குப் பதில், பல கோர்களை அருகருகே வைத்து வேலையைப் பங்கிடும் முறை பரவியது. 2013-ஆம் ஆண்டுப் பெட்டியில் 8 கோர்களும், அவற்றோடு வலிமையான வரைகலைச் செயலியும் உண்டு. கடிகார வேகம் பாதியானாலும் மொத்தத்தில் அது முந்தையதைவிட அதிக வேலை செய்தது.

இதை எங்கள் மாணவர்களுக்குக் காப்பித் தோட்டம் எளிதாகப் புரிய வைக்கிறது. இருபது பேர் இருபது செடிகளில் ஒரே நேரத்தில் பழுத்த பழம் பறித்தால் வேலை ஏறத்தாழ இருபது மடங்கு விரைவாக முடியும். ஒருவர் பறிப்பதற்காக இன்னொருவர் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் பறித்த பழத்தைத் தோல் நீக்கி, ஊற வைத்து, கழுவி, களத்தில் காய வைக்கும் வேலை அப்படியல்ல. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. இருபது பேர் நின்றாலும் ஊறும் நேரம் குறையாது. திரையில் உள்ள லட்சக்கணக்கான புள்ளிகளுக்கு நிறம் தருவது பழம் பறிப்பது போன்றது. அதற்கு வரைகலைச் செயலி ஏற்றது. ஒன்றன் விடையை வைத்து அடுத்ததைச் செய்யும் கணக்கு, காப்பி பதப்படுத்துவது போன்றது. அதற்கு ஒரு கோரின் வேகமே முக்கியம். போன் விளம்பரத்தில் வரும் 'எட்டு கோர்' எப்போது உதவும், எப்போது உதவாது என்பதை மாணவர்களே இனிச் சொல்வார்கள். தேயிலை, கரும்பு, நெல் என உங்கள் ஊர் வேலை எதுவோ அதிலிருந்து உதாரணம் எடுங்கள்.

மேல்வகுப்பினருக்கு: ஒரே அலகு, வேறு துல்லியம்

ஒரு வினாடியில் எத்தனை தசமக் கணக்குகள் என்பதை 'ஃப்ளாப்ஸ்' என்ற அலகால் அளக்கிறார்கள். ஒரு டெராஃப்ளாப்ஸ் என்றால் வினாடிக்கு 10¹², அதாவது லட்சம் கோடிக் கணக்குகள். நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பரம் பத்மா' மீக்கணினியின் உச்சத் திறன் சுமார் 1 டெராஃப்ளாப்ஸ். பெங்களூருவில் நிறுவப்பட்ட அது, 2003 ஜூனில் உலகின் 500 முன்னணிக் கணினிகள் பட்டியலில் 171-ஆம் இடம் பெற்றது. பத்தே ஆண்டில் வெளிவந்த நான்காம் ப்ளேஸ்டேஷனின் உச்சத் திறன் 1.84 டெராஃப்ளாப்ஸ். அப்படியானால் விளையாட்டுப் பெட்டி மீக்கணினியை வென்றுவிட்டதா?

இங்கே ஒரு நுட்பம் உண்டு. மீக்கணினிப் பட்டியலில் எண்ணுவது 64 பிட் துல்லியக் கணக்குகளை. விளையாட்டுப் பெட்டிக்குச் சொல்வது 32 பிட் கணக்குகளை. 32 பிட்டில் ஏறத்தாழ 7 இலக்கம் வரை சரியாக வரும். 64 பிட்டில் 15 இலக்கத்துக்கு மேல். மரியோ ஒரு புள்ளி தள்ளி நின்றால் நட்டமில்லை. வானிலைக் கணிப்பில் சிறு பிழையும் படிப்படியாகப் பெருகிவிடும். அலகின் பெயர் ஒன்றாக இருப்பதாலேயே அளவுகள் ஒன்றாகிவிடா என்பது இரண்டாம் விதி.

இதன் மறுபக்கத்தையும் சொல்லுங்கள். மூன்றாம் ப்ளேஸ்டேஷனுக்காக உருவான 'செல்' செயலியை 64 பிட் கணக்குக்கு மேம்படுத்திய வடிவத்தைக் கொண்டே, அமெரிக்காவின் 'ரோட்ரன்னர்' மீக்கணினி 2008-இல் முதன்முதலாக வினாடிக்கு 10¹⁵ கணக்குகள் என்ற எல்லையைத் தாண்டியது.

மூன்றாம் பாடவேளை: ஆய்வகத்தில் சோதனை

வேகம் வேறுபடும் இரண்டு கணினிகள் போதும். இரண்டிலும் ஸ்க்ராட்ச் திறந்து, இந்த இரு நிரல்களையும் ஓட்டி நேரம் குறிக்கச் சொல்லுங்கள்.

1. '300 முறை திரும்பச் செய். ஒவ்வொரு முறையும் 1 அடி நகர்.'
2. '10 லட்சம் முறை திரும்பச் செய். ஒவ்வொரு முறையும் மாறியில் 1 கூட்டு.' மாறியைத் திரையில் காட்டாமல் மறைத்துவிட வேண்டும். நேரம் மிகக் குறைவாக வந்தால் எண்ணைப் பெரிதாக்கிக் கொள்ளலாம்.

முதல் நிரல் இரண்டு கணினியிலும் ஏறத்தாழ 10 வினாடி எடுக்கும். ஸ்க்ராட்ச் வினாடிக்கு 30 முறை திரையைப் புதுப்பிக்கிறது. ஒரு புதுப்பிப்புக்கு ஓர் அடி. புதிய கணினியால் இங்கே முந்த முடியாது. இரண்டாவது நிரலில்தான் வேறுபாடு தெரியும். ஒவ்வொன்றையும் மூன்று முறை ஓட்டிச் சராசரி எடுக்கட்டும். மற்ற செயலிகளை மூடுதல், ஒரே நிரலைப் பயன்படுத்துதல், ஒருவரே நேரம் பார்த்தல் ஆகியவற்றை ஏன் மாற்றக் கூடாது என்று குழுவாக விவாதிக்கட்டும். மாறிகளைக் கட்டுப்படுத்துதல் என்ற கருத்து இங்கே செயலாக நடக்கிறது.

சோதனையின் பெரிய பயன் வேறு. மாணவர் கற்க வேண்டிய நிரல்களில் பெரும்பாலானவை முதல் வகையைச் சேர்ந்தவை. 'பழைய டப்பா'வில் அவை குறையில்லாமல் ஓடுகின்றன என்பதை அவர்களே அளந்து எழுதுகிறார்கள். நாம் பத்து முறை சொன்னாலும் நம்பாததை, தம் கையால் எடுத்த அளவீட்டை நம்புகிறார்கள்.

மதிப்பீட்டுக்குச் சில வினாக்கள்

1. 32 மெகாபைட்டையும் 8 கிகாபைட்டையும் 2-இன் அடுக்காக எழுதி, எத்தனை மடங்கு என்று காண்க.
2. 2 கிகாஹெர்ட்ஸ் செயலி, 3 கிகாஹெர்ட்ஸ் செயலியைவிட விரைவாக ஒரு வேலையை முடிக்க முடியுமா? காரணம் கூறுக.
3. ஒரு போன் விளம்பரத்தைக் கொண்டு வருக. அதில் உள்ள எண்களில் உங்கள் வீட்டுத் தேவைக்கு உதவுபவை எவை, உதவாதவை எவை?

மூன்றாம் வினாவை வீட்டில் பெற்றோருடன் பேசி எழுதச் சொல்லுங்கள். கடையில் பணம் கொடுப்பவர்கள் அவர்கள். எந்த எண்ணுக்கு விலை கொடுக்கிறோம் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லும் பிள்ளை, இந்த மூன்று பாடவேளைகளின் பயனை வீடு வரை கொண்டு சேர்த்துவிட்டதாகக் கொள்ளலாம்.