சுவரிலுள்ள படமும் தறியிலுள்ள சித்திரமும்

நெசவாளர் வீட்டில் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது தறி. அடுத்து, சுவரில் தொங்கும் நாட்காட்டி. அதனருகே கல்யாணப் புகைப்படம் ஒன்று இருக்கும். தறியின் பக்கத்தில், கட்டம் போட்ட தாளில் வரைந்த கரைச் சித்திரம் செருகப்பட்டிருக்கும். இம்மூன்றும் காசு கொடுத்துப் பெற்றவை, ஆகவே நம்முடையவை என்றே எண்ணுகிறோம். காகிதம் நம்முடையதுதான். அதிலுள்ள படம் நம்முடையதா என்பது வேறு கேள்வி.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நூல் எழுதுவோருக்கும் பாட்டுக் கட்டுவோருக்குமே உரியது என்று அங்கத்தினர் பலர் கருதுகின்றனர். அங்ஙனமன்று. ஒருவர் தம் சொந்த முயற்சியால் சித்திரம் ஒன்றை வரைந்தவுடனேயே அதில் அவருக்கு உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டுவதில்லை. அடியில் எதையும் அச்சிட வேண்டுவதுமில்லை. அவ்வுரிமை அவருடைய ஆயுள் முழுவதும், அவர் மறைந்தபின் 60 ஆண்டுகளும் நிற்கும். முன்னர் இது 50 ஆண்டுகளாக இருந்தது. 1941-இல் மறைந்த தாகூரின் நூல்களுக்குக் காலக்கெடு முடிந்த வேளையில், 1992-இல் சட்டத்தைத் திருத்தி 60 ஆக்கினர்.

இரவிவர்மா 1906-இல் காலமானவர். அவர் தீட்டிய லட்சுமியையும் சரஸ்வதியையும் எவரும் எடுத்தாளலாம். கோவில்பட்டியில் வாழ்ந்து தெய்வப் படங்கள் பல தீட்டிய கொண்டைய ராஜுவோ 1976-இல் மறைந்தவர். அவர் படங்களுக்கு 2036-ஆம் ஆண்டு முடியும்வரை உரிமை உண்டு. படத்தைச் சுவரில் மாட்டி வணங்க எவர் அனுமதியும் வேண்டா. அதையே முந்தானையில் நெய்து விற்பதானால் வேண்டும்.

கல்யாணப் புகைப்படத்தில் நமக்கு அனுகூலமே உள்ளது. பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, அதன் முதல் உரிமையாளர். கல்யாண ஊர்வலத்தில் இசைக்கும் பாட்டுக்கும் சட்டம் விலக்கு அளித்துள்ளது. ஆனால் அதே இசைத்தட்டைச் சங்கத்தின் விற்பனை நிலையத்தில் ஒலிக்கச் செய்தால் அந்த விலக்கு பொருந்தாது. விவசாய அங்கத்தினருக்குரியது 2001-ஆம் ஆண்டின் வேறொரு சட்டம். உரிமை பெற்ற இரகத்தின் விதையையும் அவர்கள் சேமிக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். வணிகப் பெயரிட்டு விற்பது மட்டும் கூடாது.

இனி, தறிப்பக்கத்துத் தாள். நமக்கு மிக நெருங்கியதும், நாம் மிகவும் ஏமாறுவதும் இதில்தான். துணியில் ஏற்றக்கூடிய சித்திரத்தைப் பதிவு செய்யாமலே தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் உருவாக்கிவிட்டால், பதிப்புரிமை அத்துடன் அற்றுப்போகும் என்கிறது சட்டம். ஐம்பது சேலை என்பது ஒரு சங்கத்துக்கு எம்மாத்திரம்! அதன்பின் துணை நிற்பது 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் ஒன்றே. கையால் செய்யும் தொழிலும் அதில் அடங்கும். பதிவு செய்தால் 10 ஆண்டுகள். கட்டணம் செலுத்தி மேலும் 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம். விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகத்திலேயே கொடுக்கலாம்.

ஆனால் சித்திரம் புதிதாக இருத்தல் வேண்டும். விண்ணப்பிக்கும் முன் வெளியில் காட்டியிருத்தலும் ஆகாது. நாம் அறிந்த சங்கம் ஒன்று புதுக் கரை ஒன்றைப் பொருட்காட்சியில் வைத்துப் பாராட்டும் பெற்றது. சில மாதங்களில் அதே கரை விசைத்தறித் துணியில் பாதி விலைக்கு வந்தது. அப்பொழுதுதான் நிர்வாகத்தினர் பதிவைப் பற்றி விசாரித்தனர். காலம் கடந்துவிட்டது. வரைந்தவர் முதிய நெசவாளர். அவர் மறுபடி வரையவில்லை. மாங்காய், மயில், உருத்திராட்சம் முதலிய பழைய உருக்களுக்கு ஒருவரும் உரிமை கோர இயலாது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம்.

இன்னொன்று. கூலி பெற்றுக்கொண்டு பிறருக்காக வரைந்தால், வடிவமைப்புச் சட்டப்படி உரிமையாளர் கூலி கொடுத்தவரே. இதை அறியாமல் சிறு தொகைக்குத் தாளை நீட்டிவிடும் நெசவாளர் பலர். ஆகவே வரைபவரும் சங்கமும் முதலிலேயே எழுதிக்கொள்ளுதல் நலம்: பதிவு யார் பெயரில், வரைந்தவருக்குச் சேலை ஒன்றுக்கு என்ன பங்கு என்று. பதிப்புரிமையை மாற்றிக் கொடுப்பதாயின் எழுத்து மூலமாகவே கொடுத்தல் வேண்டும். காலம் குறிக்காவிடில் அது 5 ஆண்டுகளுக்கே செல்லும். தாளின் மூலையில் வரைந்தவர் கையொப்பமும் தேதியும் இட்டு, ஒரு பிரதியைச் சங்க அலுவலகத்தில் வைத்துவிட்டு, அதன் பிறகே அட்டை அடிக்கக் கொடுக்கலாம்.