ஓடக் கூடாத நேரத்தை முதலில் எழுதுங்கள்

ஐ.டி. சப்போர்ட்டில் சேர்ந்த சில வாரங்களிலேயே எல்லாரும் கேட்டுவிடும் கேள்வி: "ஒரே வேலையை எதற்கு தினமும் கையால் செய்கிறோம்?" நியாயமான கேள்விதான். பாஸ்வேர்ட் ரீசெட், பூட்டிக்கொண்ட அக்கவுண்ட், நின்றுபோன பிரிண்டர், புதிதாகச் சேர்ந்தவருக்கு மெயில் ஐ.டி. என்று எதை எடுத்தாலும், இன்னது நடந்தால் இன்னது தானாக ஓடட்டும் என்று ஒரு வொர்க்ஃப்ளோ அமைத்துவிடலாம். ஓட வைக்கும் வித்தையை அந்தந்தக் கருவியின் பயிற்சி வீடியோவே காட்டிவிடும். அது எப்போது ஓடக் கூடாது என்பதுதான் நம் தலையில் விழுகிற வேலை. புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு அதைப் பற்றிச் சில வார்த்தைகள்.

1. கருவியைத் திறக்கும் முன் பழைய டிக்கெட்டுகளைப் படியுங்கள். கடந்த மூன்று மாதம் மூடிய டிக்கெட் போதும். 'வகை' என்ற கட்டத்தை நம்பாதீர்கள். ஷிஃப்ட் முடிகிற அவசரத்தில் எல்லாரும் 'இதர' என்று போட்டிருப்பார்கள். மூடும்போது எழுதிய குறிப்பைப் படியுங்கள். பத்துப் பேர் எழுதியும் குறிப்பு ஒன்றாகவே இருந்தால் அது தானாக ஓடக்கூடிய வேலை. ஆளுக்கு ஒன்று எழுதியிருந்தால், அந்த வேலை இன்னும் நமக்கே புரியவில்லை என்று பொருள்.

2. வேலையையே ஒழிக்க முடியுமா என்று பாருங்கள். 90 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்ட் மாற்று என்ற விதியால் வரும் டிக்கெட்டுகளை எண்ணிப் பாருங்கள். பொங்கல் விடுமுறை முடிந்து வரும் காலையில் அந்தக் கூட்டம் தனி. அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் 2017-லேயே, பாஸ்வேர்ட் கசிந்ததாக ஆதாரம் இல்லாதபோது காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று தன் வழிகாட்டியில் எழுதிவிட்டது. 2019-ல் மைக்ரோசாஃப்ட்டும் விண்டோஸுக்கான தன் பாதுகாப்புப் பரிந்துரைகளிலிருந்து அந்தக் காலக்கெடுவை எடுத்துவிட்டது. உங்கள் கிளையன்ட் ஒப்பந்தமோ ஆடிட்டரோ இன்னும் அதைக் கேட்கலாம். இருந்தாலும், அழகான ரீசெட் வொர்க்ஃப்ளோ எழுதும் முன் செக்யூரிட்டி குழுவுக்கு ஒரு மெயில் எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

3. ட்ரிகர், நிபந்தனை, செயல் என்று மூன்று உண்டு. முதலும் கடைசியும் எல்லாருக்கும் கண்ணில் படும். நடுவில் இருப்பதைத்தான் விட்டுவிடுவார்கள். பூட்டிய அக்கவுண்டையே எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் டொமைனில் ஒருவரின் அக்கவுண்ட் பூட்டிக்கொண்டால் டொமைன் கன்ட்ரோலரின் செக்யூரிட்டி லாகில் 4740 என்ற எண்ணில் ஒரு பதிவு விழும். அதையே ட்ரிகராக வைத்து, உடனே திறந்துவிடும் ஸ்கிரிப்ட்டை மாட்டலாம். பத்து வரி வேலை. டிக்கெட் எண்ணிக்கை மறுநாளே சரியும், மேனேஜரும் பாராட்டுவார்.

ஆனால் அந்தப் பூட்டு எதற்காக இருக்கிறது? யாரோ பாஸ்வேர்டை ஊகித்துக்கொண்டே இருந்தால் அவரைத் தடுப்பதற்காக. பூட்டியதும் நாமே திறந்துவிட்டால், திருடன் கதவை ஆட்ட ஆட்ட உள்ளேயிருந்து தாழ்ப்பாளை நீக்கிக் கொடுத்த கதைதான். பூட்டியதற்கான காரணம் பெரும்பாலும் சாதுவானது: நேற்று பாஸ்வேர்ட் மாற்றியிருப்பார், ஃபோனில் உள்ள மெயில் ஆப் பழையதையே அனுப்பிக்கொண்டிருக்கும். அல்லது மேப் செய்த டிரைவ், ஒரு ஷெட்யூல்டு டாஸ்க், லாக் அவுட் செய்யாமல் விட்ட ரிமோட் செஷன். எந்த மெஷினிலிருந்து தவறான முயற்சி வந்தது என்பதும் அநேகமாக அதே 4740 பதிவிலேயே இருக்கும். ஆகவே வொர்க்ஃப்ளோ முதலில் அந்தப் பெயரை எடுத்து டிக்கெட்டில் ஒட்டட்டும். அந்த மெஷின் அவருடையதுதானா என்று பார்க்கட்டும். ஆள் அவர்தான் என்று உறுதியான பிறகு திறக்கட்டும். ஐந்தே நிமிடத்தில் இருபது அக்கவுண்ட் பூட்டிக்கொண்டால் ஒன்றையும் திறக்காமல் நின்று, செக்யூரிட்டியில் இருப்பவரின் ஃபோனை அடிக்கட்டும். இந்தக் கடைசி நிபந்தனையை எழுதாத ஸ்கிரிப்ட்டை நான் ஓட விடமாட்டேன்.

4. தன் வாலைத் தானே துரத்தும் விதிகள் உண்டு. 'டிக்கெட்டில் மாற்றம் வந்தால் முன்னுரிமையைத் திருத்து' என்று எழுதுவீர்கள். அந்தத் திருத்தமே ஒரு மாற்றம்தான், மறுபடி ட்ரிகர். மெயிலில் இது இன்னும் மோசம். நம் ஹெல்ப் டெஸ்க் "உங்கள் மெயில் கிடைத்தது" என்று வென்டாரின் ஹெல்ப் டெஸ்க்குக்குப் பதில் போடும். அது புது டிக்கெட் திறந்து நமக்கு நன்றி சொல்லும். விடிவதற்குள் இரண்டு பக்கமும் ஆயிரக்கணக்கில் குவிந்திருக்கும், ஒன்றில்கூட மனிதர் எழுதிய வரி இருக்காது. இது இன்று முளைத்த சிக்கல் இல்லை. யூனிக்ஸில் 'வெக்கேஷன்' என்ற பழைய புரோகிராம், ஒருவர் எத்தனை மெயில் போட்டாலும் வாரத்துக்கு ஒரு பதில்தான் அனுப்பும். தானாகப் போகும் மெயிலுக்கு 'ஆட்டோ-சப்மிட்டட்' என்று ஹெடரில் குறி வைக்க வேண்டும், அந்தக் குறி உள்ளதற்குத் தானாகப் பதில் போடக் கூடாது என்று 2004-ல் ஆர்.எஃப்.சி. 3834 சொன்னது. உங்கள் விதியும் அந்த ஹெடரைப் பார்க்கட்டும்.

5. இரண்டு முறை ஓடினாலும் கெடுதல் வரக் கூடாது. எச்.ஆர். படிவத்தை இரண்டு தடவை அமுக்குவார்கள். பாதியில் நெட்வொர்க் போகும். ஒவ்வொரு படியிலும் 'இது ஏற்கெனவே இருக்கிறதா' என்று கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். அடையாளத்துக்குப் பணியாளர் எண்ணை வையுங்கள், பெயரை வைக்காதீர்கள். ஒரே மாடியில் ஐந்து கார்த்திக் இருப்பார்கள். அதிலும் நம் ஊர்ப் பெயர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். வெளிநாட்டுக் கிளையன்ட் அமைத்த படிவம் 'கடைசிப் பெயர்' கேட்டு அடம்பிடிக்கும். ஒருவர் 'எஸ்' என்று போடுவார், இன்னொருவர் அப்பா பெயரைப் போடுவார், மூன்றாமவர் ஒரு புள்ளியை வைத்துவிட்டுப் போவார். அந்தப் புள்ளியிலிருந்து மெயில் முகவரி செய்ய முயன்று வொர்க்ஃப்ளோ விழுந்துகிடக்கும்.

6. வேலையை விட்டுப் போகிறவரின் அக்கவுண்டை நிறுத்துங்கள், அழிக்காதீர்கள். ராஜினாமாவைத் திரும்பப் பெறுகிறவர் உண்டு, தேதியைத் தப்பாக அடிக்கிற எச்.ஆர். உண்டு. மைக்ரோசாஃப்ட் 365-ல் அழித்த பயனரை 30 நாள் வரை மீட்கலாம் என்பதெல்லாம் ஆபத்துக்கு உதவும் வசதி, அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. இதைவிட முக்கியமானது உச்சவரம்பு. எச்.ஆரிலிருந்து வரும் ஃபைல் ஓர் இரவு காலியாக வந்தால், 'பட்டியலில் இல்லாதவர் எல்லாம் போய்விட்டார்' என்று விதி முடிவு கட்டும். வழக்கமாக நாளுக்கு நான்கைந்து பேர் என்றால், இருபதைத் தாண்டியதும் நின்று ஒரு மனிதரின் அப்ரூவலுக்குக் காத்திருக்கட்டும்.

7. பிரிண்ட் ஸ்பூலர் மாட்டிக்கொண்டால் சர்வீஸை நிறுத்தி, தேங்கிய ஃபைல்களை நீக்கி, மறுபடி தொடங்கும் ஸ்கிரிப்ட் நல்லதுதான். அதே பிரிண்டருக்கு ஒரே நாளில் மூன்றாவது தடவை என்றால் அது தொடங்காமல் டிக்கெட் திறக்கட்டும்.

8. சத்தம் வரவில்லை என்பதால் எல்லாம் நலம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக டேட்டாபேஸை அழித்தார். பேக்கப்பைத் தேடினால், வெர்ஷன் பொருந்தாமல் அது ஓடவே இல்லை. 'ஓடவில்லை' என்று சொல்ல வேண்டிய மெயில்களும் டிமார்க் சோதனையில் தேறாமல் திருப்பி அனுப்பப்பட்டிருந்தன. நல்லவேளையாக ஆறு மணி நேரத்துக்கு முந்தைய வேறொரு பிரதி கையில் இருந்தது. நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தின் கதை இதற்கு நேர் எதிர். 2012 ஆகஸ்ட் 1 அன்று சந்தை திறக்கும் முன்பே அதன் சிஸ்டம் பிழையைக் குறிப்பிட்டு 97 மெயில்களை ஊழியர்களுக்கு அனுப்பியிருந்தது. அவை அலர்ட்டாக வடிவமைக்கப்பட்டவை அல்ல, யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் 40 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். ஆகவே ஒவ்வொரு வொர்க்ஃப்ளோவுக்கும் இரண்டு கேள்வி: இது ஓடாமல் போனால் யாருக்குத் தெரியும்? அவர் அதைப் பார்ப்பாரா? 'வேலை முடிந்தது' என்று ஓடும்போதெல்லாம் மெயில் அனுப்பும் விதியை எழுதினால், ஒரே வாரத்தில் அதைத் தனி ஃபோல்டருக்குத் தள்ளும் இன்னொரு விதியை எல்லாரும் எழுதிக்கொள்வார்கள்.

9. உங்கள் சொந்த ஐ.டி.யில் வொர்க்ஃப்ளோ அமைக்காதீர்கள். நீங்கள் வேறு கம்பெனிக்குப் போன மறுநாள் எல்லாம் நின்றுவிடும். தனி சர்வீஸ் அக்கவுண்ட் வையுங்கள். வேலைக்கு வேண்டிய உரிமை மட்டும் கொடுங்கள். அவசரத்துக்கு டொமைன் அட்மின் கொடுத்துவிட்டுப் பிறகு குறைத்துக்கொள்ளலாம் என்பார்கள். யாரும் குறைப்பதில்லை.

10. கையால் செய்யும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983-லேயே எழுதியது இது: இயந்திரம் எளிய வேலையை எடுத்துக்கொள்ளும், கஷ்டமானது மனிதரிடம் வந்து சேரும், அதைச் செய்யும் பயிற்சியோ அவரிடம் தேய்ந்துபோயிருக்கும். புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் முதல் மாதம் இந்த வேலைகளைக் கையால்தான் செய்ய வேண்டும் என்று என் குழுவில் வைத்திருக்கிறேன். முனகுவார்கள். பரவாயில்லை.

11. புது விதி முதல் இரண்டு வாரம் எதையும் செய்யாமல், 'நான் இதைச் செய்திருப்பேன்' என்று லாகில் எழுத மட்டும் செய்யட்டும். தினமும் காலையில் அந்த லாகை டிக்கெட்டுகளோடு வைத்துப் பாருங்கள். நீங்கள் நினைத்தே பார்க்காத நிபந்தனைகள் அங்கேதான் அகப்படும். உண்மையாக ஓட விடுவதைச் செவ்வாய்க்கிழமை காலையில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி மாலை வேண்டாம். நிறுத்தும் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று நைட் ஷிஃப்ட்டில் இருப்பவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.