பேரேட்டில் நம் பக்கம்

ஜார்ஜ்டவுன், பினாங்கு.

சிரஞ்சீவி இளங்கோவுக்குப் பெரியப்பா அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது.  கோலாலம்பூரில் புது வீட்டில் குடியேறிய விவரத்தை எழுதவும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் பேச்சோடு பேச்சாகச் சொன்ன சமாசாரம் அன்றிரவிலிருந்து என் மனத்தைவிட்டு அகலவில்லை. தகவல் சுதந்திரச் சட்டம் ஒன்றை இயற்றுவதற்கு மத்திய அமைச்சரவை 2023-லேயே கொள்கையளவில் இசைந்துவிட்டபடியால், அது நாடாளுமன்றத்துக்கு வரும் முன்னரே, காப்புறுதிக் கம்பெனிகள் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவிடம் ஒப்படைக்கும் அறிக்கைகள் யாவும் எக்காலத்திலும் எவர் கேட்டாலும் வெளிப்படாதவாறு விலக்குக் கோரும் மகஜர் ஒன்றை உங்கள் கம்பெனி அனுப்பப்போகிறது என்றும், அதை எழுதும் பொறுப்பு உன் கைக்கு வந்திருக்கிறது என்றும் நீ சொன்னபோது, உன் குரலில் இருந்த பெருமிதத்தைக் கெடுக்க மனமில்லாமல் 'சந்தோஷம் தம்பி' என்று மட்டும் சொல்லி வைத்தேன். எழுதுவதும் எழுதாதிருப்பதும் உன் இஷ்டம். நீ சட்டம் படித்தவன். நான் பீச் ஸ்திரீட்டில் ஒரு வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆயினும் காப்புறுதி என்ற விஷயத்தைப் பற்றிப் பேசுவதற்கு நம் குடும்பத்தில் எனக்குக் கொஞ்சம் அதிகப் பாத்தியதை உண்டு. ஏன் என்பது உனக்கே தெரியும்.

இரகசியமே கூடாது என்று வாதிக்கும் பிடிவாதம் என்னிடம் இல்லை. ஒருவனுக்கு நீரிழிவு இருப்பதும், ஒருத்தி எந்த ஆஸ்பத்திரியில் எதற்காகப் படுத்திருந்தாள் என்பதும் உலகுக்கு உரிய செய்திகள் அல்ல. சந்தாவைக் கணக்கிடும் முறையும், மறுகாப்புறுதிக்காரருடன் பேசி முடித்த விலையும் போட்டிக் கம்பெனியின் மேஜைக்குப் போவதும் நியாயமன்று. 2009 முதல் இந்நாட்டில் ஒவ்வொரு காப்புறுதிக் கம்பெனியும் தான் சுமக்கும் அபாயத்துக்கு ஏற்ற மூலதனம் வைத்துக் காட்ட வேண்டும் என்ற விதி இருக்கிறதல்லவா? அந்தக் கணக்கில் தன் பலவீனத்தை மனம் திறந்து எழுதும் கம்பெனி, அது மறுநாளே பத்திரிகையில் வரும் என்றால் அழகான பொய்யைத்தான் எழுதும். வதந்தி கேட்டு ஜனங்கள் பாலிசியை ஒப்படைத்துவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்க ஓடினால், நன்றாக இருந்த கம்பெனியும் ஆட்டம் காணும். அமெரிக்காவில் மாநிலக் காப்புறுதி ஆணையர்களின் தேசியச் சங்கம் 2012-இல் வகுத்த மாதிரிச் சட்டம், கம்பெனி தானே செய்துகொள்ளும் அபாய மதிப்பீட்டைப் பொதுப் பதிவேடுகளின் வரம்பிலிருந்து விலக்கி வைத்ததும் இந்தக் காரணத்தால்தான். இவையெல்லாம் உன் வாதங்கள், நான் மறுக்கவில்லை.

ஆனால் முன்பெல்லாம் பினாங்கு ஸ்திரீட்டுக் கிட்டங்கிகளில் செட்டியார், ஒருவரின் கணக்கை இன்னொருவரிடம் வாய் தவறியும் சொல்லமாட்டார். ஆனால் பணம் போட்டவன் வந்து திண்ணையில் உட்கார்ந்து, 'ஐயா, என் பக்கத்தைக் கொஞ்சம் திருப்புங்கள்' என்றால், பேரேட்டைத் திருப்பிக் காட்டாமல் அனுப்பவும் மாட்டார். ஊரான் கணக்கை மறைப்பது ஒன்று. உடையவனிடமிருந்தே அவன் கணக்கை மறைப்பது வேறொன்று. உங்கள் மகஜர் இவ்விரண்டையும் ஒரே பூட்டுக்குள் வைக்கிறது என்பதுதான் என் விசாரம்.

தாத்தாவின் தகரப் பெட்டியை நீ சிறுவனாக இருக்கையில் திறந்து பார்த்திருக்கிறாய். பிஸ்கட் டின் அது. மூடியில் இங்கிலாந்து ராணியின் படம் பாதி அழிந்திருக்கும். அதற்குள் நூலில் கோத்த ரசீதுகள், ஒவ்வொன்றிலும் ஊதா மையில் முத்திரை, ஏஜெண்டின் சாய்ந்த கையெழுத்து. துறைமுகத்தில் சம்பளம் போடும் நாள் மாலையில் அந்த ஏஜெண்ட் சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு வருவார். பாட்டி காப்பி கொடுப்பாள். தாத்தா சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து நீவிக் கொடுப்பார். நாடு மெர்டேக்கா அடைந்தபின் உள்ளூரிலேயே ஆயுள் காப்புறுதிக் கம்பெனிகள் மளமளவென்று முளைத்த காலம் அது. சுதேசிக் கம்பெனி என்று நம்பிச் சேர்ந்தார்கள் ஏழைகள். அறுபதுகளின் தொடக்கத்தில் அவற்றுள் பெரும்பாலானவை இழுத்து மூடப்பட்டதும், 1961-இல் ஆயுள் காப்புறுதிக்கும், 1963-இல் காப்புறுதித் தொழில் முழுமைக்கும் அரசாங்கம் அவசரமாகச் சட்டம் இயற்றியதும் சரித்திரம். நம் தாத்தா சேர்ந்த கம்பெனியும் போயிற்று. அதன் நிலைமை சீர்கெட்டிருப்பது அதிகாரிகளுக்கு முன்பே தெரியும் என்று பிற்பாடு சொன்னார்கள். சந்தா கட்டிய துறைமுகக் கூலிக்கு மட்டும் தெரியாது. கடைசி மாதம் வரை ஏஜெண்ட் வந்தார், பாட்டி காப்பி கொடுத்தாள், தாத்தா பணம் கொடுத்தார். உன் அப்பன் ஆறாம் பாரத்தோடு படிப்பை நிறுத்தியது எதனால் என்பதை நான் எழுதவேண்டியதில்லை.

இது பழங்கதை, இப்போது பேங்க் நெகாரா இருக்கிறது, 2013-ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் சட்டம் இருக்கிறது என்று நீ சொல்வாய். உண்மை, 1988-இல் காப்புறுதி மேற்பார்வை பேங்க் நெகாராவின் கைக்கு வந்தபின் நிலைமை வெகுவாகத் திருந்தியிருக்கிறது. ஆனால் மேற்பார்வை செய்பவரையும் பார்க்க ஒரு கண் வேண்டாமா? இந்தியாவில் ஆயுள் காப்புறுதியை 1956-இல் அரசாங்கமே எடுத்துக்கொண்டது. மறு ஆண்டே அதற்காக அமைத்த ஆயுள் காப்புறுதிக் கார்ப்பரேஷன் முந்த்ரா என்ற வியாபாரியின் கம்பெனிப் பங்குகளில் சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாயைக் கொட்டிய விவகாரத்தைப் பெரோஸ் காந்தி லோக்சபையில் கிளப்பினார். நிதியமைச்சருக்கும் அவரது செயலாளருக்கும் நடந்த அந்தரங்கக் கடிதப் போக்குவரத்து பெரோஸ் காந்தியின் கைக்கு எட்டியது, விவகாரம் வெளிச்சத்துக்கு வரப் பெரிதும் உதவிற்று. நீதிபதி சாக்ளா பகிரங்கமாக விசாரித்தார். நம் தமிழ்நாட்டு டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958-இல் நிதியமைச்சர் பதவியைத் துறக்க நேர்ந்தது. அந்தப் பணம் பாலிசிதாரர்களின் பணம்.

அதே கார்ப்பரேஷனின் சந்தா விகிதம் அநியாயமாக அதிகம் என்று ஆமதாபாதின் மனுபாய் ஷா என்ற பயனீட்டாளர் தொண்டர் ஓர் ஆய்வு எழுதினார். அதற்கு மறுப்பைத் தன் பத்திரிகையில் வெளியிட்ட கார்ப்பரேஷன், அவருடைய பதிலை மட்டும் போட மறுத்தது. அது உள்விவகாரப் பத்திரிகை என்பது அதன் வாதம். வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய் 1992-இல் அவர் ஜெயித்தார். பின்னர் 2015 டிசம்பரில், வங்கிகளைச் சோதித்த அறிக்கைகள் நம்பிக்கையின் பேரில் பெறப்பட்டவை, வெளியிட்டால் பொருளாதாரம் கெடும் என்று ரிசர்வ் வங்கி சொன்ன வாதத்தை, ஜெயந்திலால் மிஸ்திரி வழக்கில் அதே நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒழுங்குபடுத்தும் வங்கிக்கு விசுவாசக் கடமை பொதுஜனங்களிடந்தான். தான் சோதிக்கும் வங்கிகளிடம் அன்று. இந்தத் தீர்ப்பை நீ கட்டாயம் வாசி. உன் மகஜரில் வரப்போகும் வாதம் அதில் ஏற்கெனவே தோற்றுப்போன வாதம்.

இங்கே நம் பினாங்கு சட்டமன்றம் 2011-இல் நிறைவேற்றிய தகவல் சுதந்திரச் சட்டம் 2015 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. சிலாங்கூரும் அவ்வாறே செய்தது. கொம்தார் கட்டடத்துக்குப் போய் மாநில அரசின் கோப்பைக் கேட்கலாம். காப்புறுதி மத்திய அரசின் அதிகாரத்தைச் சேர்ந்ததாகையால், அங்கே மட்டும் நமக்கு வாசல் இல்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் உன் பெரியம்மாவின் மெடிக்கல் கார்டுக்குச் சந்தா ஏறக்குறைய பாதிக்குப் பாதி உயர்ந்ததாகக் கடிதம் வந்தது. எங்கள் பிரிவில் எவ்வளவு வசூல், எவ்வளவு கிளேம் கொடுத்தீர்கள் என்று நேரில் போய்க் கேட்டேன். அது கம்பெனியின் உள்கணக்கு, அங்கிள் என்று கவுன்டரிலிருந்த பெண் வெகு மரியாதையாகச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். 2024 டிசம்பர் 20-ஆம் தேதி பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வை மூன்றாண்டுகளுக்குக் குறையாமல் பிரித்து வாங்கும்படியும், அறுபது வயது கடந்து குறைந்தபட்சத் திட்டத்தில் இருப்போருக்கு ஓராண்டு நிறுத்தி வைக்கும்படியும் ஏற்பாடு செய்தபின்தான் உன் பெரியம்மா மூச்சு விட்டாள். ஊரெல்லாம் கூச்சல் போட்டதால் வந்த நிவாரணம் அது. 1969-இல் தொடங்கிய நம் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தின் தலைவர் முகமது இத்ரிஸ் அவர்கள், 2019-இல் காலமாகும் வரை, கேள்வி கேட்கும்படி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். கேட்டால் பதில் வரவேண்டும் என்று ஒரு சட்டம் மட்டும் அமையவில்லை. இப்போதுதான் அமையப்போகிறது. அதன் வாசற்படியில் போய் நீ நிற்கிறாய்.

இதைப் படித்துவிட்டு, உணர்ச்சி வேகத்தில் ஆபீஸ் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு பத்திரிகைக்காரரிடம் ஓடிவிடாதே. வாலிப இரத்தம் என்பதால் சொல்கிறேன். 2012-இல் ஒரு மாட்டுப்பண்ணைத் திட்டத்தின் வங்கிக் கணக்குகளை வெளியிட்ட அரசியல்வாதி ரஃபிஸி ரம்லிக்கு 2018-இல் முப்பது மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2019 நவம்பரில்தான் உயர்நீதிமன்றம் விடுவித்தது. அரசியல்வாதிக்கு ஆட்பலம் உண்டு; அவரோடு குற்றஞ்சாட்டப்பட்ட வங்கி எழுத்தருக்கு என்ன உண்டு? 2010-இல் வந்த தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டமும் அமலாக்க அதிகாரிகளிடம் சொன்னவனைத்தான் காக்கும். பத்திரிகையில் சொன்னவனைக் காக்காது. உன் அம்மாவை நினைத்துக்கொள்.

உன் இடத்தில் நானிருந்தால் மகஜரை மறுக்காமல் வேறு விதமாக எழுதுவேன். நோயாளியின் பெயரும் கணிப்பு முறையும் மூடியே இருக்கட்டும். மற்றவற்றுக்கு, வெளியிட்டால் இன்ன கெடுதல் என்று கம்பெனி எழுத்தில் காட்டட்டும். காட்டினாலும் சில ஆண்டுகளில் அந்த மறைப்பு தானே காலாவதியாகட்டும். சந்தாவை உயர்த்துமுன் அந்தப் பிரிவின் வரவு செலவைப் பாலிசிதாரனுக்குத் தரட்டும். மேலதிகாரி ஒப்பமாட்டார் என்றால், இந்த வேலையை வேறொருவரிடம் கொடுங்கள் என்று பணிவாகச் சொல்ல உனக்கு வாய் இருக்கிறது. வேலை போனாலும் ஜார்ஜ்டவுனில் வக்கீலுக்கு வழக்குப் பஞ்சம் இல்லை. ஆனாலும் முடிவு உன்னுடையதுதான், நான் நிர்ப்பந்திக்கவில்லை.

ரொம்பவும் எழுதிவிட்டேன். நீ எதை எழுதினாலும் எழுதாவிட்டாலும் எங்களுக்கு நீதான் மூத்த பிள்ளை. நம் வம்சத்தில் முதலில் கறுப்பங்கி போட்டவன் என்று இந்தத் தெருவில் நான் சொல்லாத ஆள் கிடையாது. தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு. தண்ணீர்மலைக்கு உன்னோடு ஏறவேண்டும் என்று பெரியம்மா ஆசைப்படுகிறாள். முழங்கால் வலி என்று நீயாவது எடுத்துச் சொல். உனக்குப் பிடித்த திருக்கை மீன் குழம்பு மட்டும் விரதம் முடிந்த பிறகுதான். மெலிந்துபோயிருக்கிறாய் என்று போட்டோவைப் பார்த்து வருத்தப்பட்டாள். இரவில் வேளைக்குச் சாப்பிடு, மழையில் மோட்டார் சைக்கிள் ஓட்டாதே. பணம் ஏதும் தேவைப்பட்டால் கூச்சப்படாமல் எழுது.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள
பெரியப்பா